இரும்புப் பாலம்

சாயங்காலம் ஆறரை மணி ஆனால் போதும், ஜெலாப்பாங்கில் எங்கள் வீட்டு வாசலில் கோடாலித் தைலம் மணக்க ஆரம்பித்துவிடும். பக்கத்து வீட்டுச் சீன அம்மா சட்டியில் பூண்டைப் போட்டுப் புரட்டுகிற வாசனையும், புந்தோங்கிலிருந்து சைக்கிளில் வரும் கச்சான் பூத்தேக்காரர் விட்டுப்போகிற வறுத்த கடலை மணமும், மழை நின்ற சடக்கிலிருந்து எழும்பும் தார்ச் சூடும் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். அத்தனையையும் ஓரங்கட்டிவிட்டுத் தைலம் மட்டும் மூக்கில் நிற்கும். தாத்தா கைலியை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு பிரம்பு நாற்காலியில் சாய்வார், இடது காலைத் தூக்கி என் மடியில் போடுவார். தேய்ப்பது என் வேலை. கூலி இருபது காசு. சில நாள் கடன் சொல்லிவிடுவார்.

அந்தக் காலில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருந்தது. ஐம்பது காசை வைத்தால் கச்சிதமாக உட்காரும். அவர் தூங்கும்போது வைத்துப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். அந்த இடத்தில் மட்டும் முடி கிடையாது. தோல் மெழுகுத்தாள் மாதிரி மினுங்கும். எண்ணெய் விரல் வழுக்கிக்கொண்டு அதன் விளிம்புவரை போகும், பிறகு யாரும் சொல்லாமலே வளைந்து திரும்பிவிடும். ரொம்பச் சின்ன வயதில் ஒருநாள், "இது என்னா தாத்தா?" என்று கேட்டேன். "சயாம்" என்றார். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகும் வெகுநாள்வரை, அம்மை, காமாலை மாதிரி சயாம் என்பதும் ஒரு நோய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். யாருக்காவது காலில் புண் வந்தால், "பாத்து, சயாமா இருக்கப்போவுது" என்று பெரிய மனிதனைப் போல எச்சரித்ததும் உண்டு. வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

தாத்தாவும் பாட்டியும் செம்மோர் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் மரம் வெட்டியவர்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது லயத்தைக் காலி செய்துகொண்டு ஜெலாப்பாங்குக்கு வந்தவர்கள். வரும்போது கொண்டுவந்ததில் நான் பார்க்க மிஞ்சியிருந்தவை ஓர் அம்மிக்கல், ஒரு பால்வெட்டுக் கத்தி, ஒரு கோங் குவான் பிஸ்கட் டின். டின்னைத் திறந்தால் பழைய மூக்குப்பொடி வாடையும் துரு வாடையும் சேர்ந்து அடிக்கும். உள்ளே ரப்பர் வளையம் போட்ட வாழைமரக் காசுக் கட்டு, காம்பு நெளிந்த ஓர் அலுமினியக் கரண்டி, பாட்டியின் ஒற்றைத் தோடு. ஜப்பான்காரன் அச்சடித்த பத்து வெள்ளி நோட்டில் வாழை மரம் குலை தள்ளி நிற்கும். போர் முடிந்த அன்றே அதற்கு மதிப்புப் போய்விட்டது. நான் அதை வைத்துத்தான் கடை விளையாட்டு விளையாடுவேன். ஒரு கட்டு கொடுத்தால் ஒரு கொய்யா.

நான் மூன்றாம் படிவத்துக்கு வந்த வருஷம், எஸ்.ஆர்.பி. தேர்வு தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தபோது, எங்களுக்கு வரலாறு எடுக்க ஒரு சீன ஆசிரியை வந்தார். வெயிலோ மழையோ கையில் குடை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. மலாயில் ஆசிரியர் என்றால் சிக்கு; இவருக்கு 'குடை சிக்கு' என்று பேர் வைத்தோம். அந்தப் பேர் அவருக்கும் தெரியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

ஜப்பானியர் ஆட்சிப் பாடம் தொடங்கிய அன்று அவர் மேசைமேல் மூன்று சாமான்களை வைத்தார். எங்கள் பாடநூல், ஒரு வாழைமரக் காசு, பழைய நாளிதழ்ப் பக்கம் ஒன்றின் நகல். கரும்பலகையில் இரண்டு சொல் எழுதினார்: சும்பர் பெர்த்தாமா, சும்பர் கெடுவா. அந்தக் காலத்திலேயே, அந்த இடத்திலேயே உண்டானது முதல் சான்று. அதைப் பார்த்து, கேட்டு, பின்னால் ஒருவர் எழுதினால் இரண்டாம் சான்று. மேசையில் எது எது என்று கேட்டார். காசைச் சரியாகச் சொன்னோம், பாடநூலையும் சொல்லிவிட்டோம். நாளிதழை எடுத்துப் பார்த்த என் பெஞ்சுத் தோழன் திடுக்கிட்டு, "சிக்கு, இது இன்னும் அச்சடிக்கவே இல்ல" என்றான். வகுப்பு அதிர்ந்தது. அவன் மேல் தப்பில்லை. அது சிங்கப்பூரைச் 'சியோனான்' என்று பேர் மாற்றியபின் வந்த சியோனான் டைம்ஸ். தேதியில் வருஷம் 2602 என்று போட்டிருந்தது. ஜப்பானியக் கணக்கில் 1942. சிக்கு சிரித்து முடித்துவிட்டு, அதுவும் முதல் சான்றுதான் என்றார். அந்த வருஷமே அச்சானது. "ஆனால் அதில் உள்ள மை யாருடையது?" என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுவாரம் ஓர் ஆங்கிலப் புத்தகத்திலிருந்து சில பக்கங்களை மலாயில் சொல்லிக் காட்டினார். ஈப்போ பிரூஸ்டர் ரோட்டில் மருத்துவமனை நடத்திய சிபில் கார்த்திகேசு எழுதியது. இலங்கைத் தமிழ் டாக்டரை மணந்த தாதி. ஜப்பான்காரன் நெருங்கியதும் பாப்பானில் 74ஆம் எண் கடைவீட்டுக்குக் குடிபோய், இரவில் காட்டிலிருந்து வரும் கொரில்லாக்களுக்குக் குண்டடிக் காயம் கட்டி, ஒளித்து வைத்த வானொலியில் செய்தி கேட்டு, 1943இல் பிடிபட்டு, ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்த்தாய் கையில் எலும்பு நொறுங்க அடிவாங்கியும் ஒரு பேர்கூடச் சொல்லாதவர். போர் முடிந்ததும் சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்துகொண்டுதான் நினைவுகளைப் பதிந்தார், 1948இல் இறந்துபோனார். புத்தகம் 1954இல் வந்தது. எனக்குச் சிலிர்த்தது எதற்கென்றால், தினமும் சிலிபினைத் தாண்டி ஈப்போவுக்குள் நுழைகிற எங்கள் பஸ் அந்தச் சடக்கு வழியாகத்தான் போகும். நான் அங்கே வரும்போதெல்லாம் சன்னலில் தலைசாய்த்து வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பேன்.

வீட்டுப்பாடம் அதன் பிறகுதான் வந்தது. ஜப்பான் காலத்தைப் பார்த்த ஒருவரிடம் கேட்டு எழுத வேண்டும். பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் புத்தகம் சொல்வது, மறுபக்கம் அவர் சொல்வது. நான்தான் கெட்டிக்காரனாயிற்றே, மூன்றாவதாக ஒரு கட்டமும் போட்டேன். சரி, பிழை. அப்பாவின் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டேன்.

தைலம் தேய்க்கும் நேரமாகப் பார்த்து ஆரம்பித்தேன். முதல் நாள் தாத்தா பேசியதெல்லாம் மரவள்ளிக்கிழங்கு. அவித்தது, சுட்டது, மாவாக்கியது, இலையைக் கடைந்தது. ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டம் படுத்துவிட்டது, வெட்டு இல்லை, சம்பளம் இல்லை, அரிசி இல்லை. சாக்கைக் கிழித்துக் கைலியாகக் கட்டியிருந்தார்கள். இரண்டாம் நாள், காலைத் தேய்க்கும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர், நான் கேட்காமலே சயாமுக்குப் போனார்.

"மூணு மாசந்தான், நல்ல சம்பளம், ரேசன் அரிசி உண்டுன்னு கிராணி சொன்னாரு. போவலன்னா பேரு குடுத்துருவேன்னும் சொன்னாரு." லாரியில் ஈப்போ ஸ்டேசன், அங்கிருந்து கூட்ஸ் வண்டி. உட்கார்ந்தால் கால் நீட்ட முடியாது, கால் நீட்டினால் இன்னொருவர் உட்கார முடியாது. பாடாங் பெசார் தாண்டி, பம்போங்கில் இறக்கி, அப்புறம் இன்னொரு வண்டி, அப்புறம் நடை. மழை. இடுப்பளவு சேறு. மூங்கில் கொட்டகை. தாத்தா சொன்ன பேர்களை நான் காதில் விழுந்தபடியே எழுதினேன். கஞ்சபுரி, நீக்கி, மூணு பகோடா. "மொத நாளு பாலத்து மேல வண்டி போச்சு. பெரிய இரும்புப் பாலம். கீழ ஆறு செம்மண்ணா ஓடுது. அதுவரைக்கும் ஒருத்தன் பாட்டுப் பாடிக்கிட்டு வந்தான். பாலம் வந்ததும் நிறுத்திட்டான்."

நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன். ஏனென்றால் எனக்கு அந்தப் பாலத்தைத் தெரியும். அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் தொலைக்காட்சியில் அந்த ஆங்கிலப் படத்தைப் போட்டிருந்தார்கள், குவாய் ஆற்றுப் பாலம். மறுநாள் பள்ளியில் அத்தனை பையன்களும் அந்த விசில் அணிநடையை அடித்துக்கொண்டு திரிந்தோம். அந்தப் பாலம் மரப்பாலம். கண்ணால் பார்த்தேன், கடைசியில் வெடித்துச் சிதறியதையும் பார்த்தேன். தாத்தாவும் என்னோடு உட்கார்ந்து பார்த்தார். "எல்லாரும் சட்ட போட்டுருக்கானுங்களே" என்றார் நடுவில், பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டுப் படுத்துக்கொண்டார். ஆகவே 'இரும்புப் பாலம்' என்ற இடத்துக்கு நேரே அழுத்தமாக ஒரு பிழைக்குறி போட்டேன்.

"எத்தன நாளு அங்க இருந்தீங்க?"

"மூணு வருசம்."

புத்தகத்தைத் திருப்பினேன். சயாம்-பர்மா ரயில்பாதை வேலை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது, நீளம் 415 கிலோமீட்டர். முடிந்துபோன வேலைக்கு மூன்று வருஷம் எப்படி? இரண்டாவது பிழை. அந்த ரயில்பாதைக்குப் பாடநூல் ஒதுக்கிய இடம் ஒன்றரை வரி என்பதும் அன்றுதான் தெரிந்தது, ஆனால் அதற்குக் குறி போட என்னிடம் கட்டம் இல்லை.

அதுவரை அடுப்படியில் கருவாட்டைக் கழுவிக்கொண்டிருந்த பாட்டி ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றார். "மூணு இல்ல. ரெண்டர."

"நீயா போயிருந்த?" என்றார் தாத்தா.

"நா போவல. இங்க இருந்தவளுக்குத்தான் கணக்குத் தெரியும். போறப்ப பெரியவன் தவந்துக்கிட்டுருந்தான். வர்றப்ப எம் முந்தானையப் புடிச்சிக்கிட்டு, யாரும்மா இந்தக் கெழவன்னு கேட்டான்."

தாத்தாவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அவர் வாயைத் திறக்கவில்லை. காலை மட்டும் என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

அன்று தொடங்கி பாட்டியும் சான்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அதுதான் அவருக்குக் கோபம் போல. ஜப்பான்காரன் கடிகாரத்தையே அவன் ஊர் மணிக்குத் திருப்பிவிட்டான், அதனால் பெரட்டுக்கு நிற்கும்போது நட்சத்திரம் மின்னும் என்றார். நாட்டுக் கடிகாரத்தை ஒருவன் திருப்ப முடியுமா? கேள்விக்குறி போட்டேன். சயாமுக்கு ஆண்கள்தான் போனார்கள் என்று தாத்தா சொல்லி வாய்மூடவில்லை, மேட்டு லயத்திலிருந்து ஒரு குடும்பமே, கைப்பிள்ளையோடு, லாரி ஏறியதைப் பாட்டி சொன்னார். ஒற்றைத் தோட்டின் கதையும் வந்தது. நேதாஜி படைக்கு நிதி என்று தோட்டத்துக்கு வந்து பேசியபோது ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாராம். ஏன் ஒன்று மட்டும்? "ஒண்ணு நாட்டுக்கு. ஒண்ணு இவரு செத்துட்டா புள்ளைக்கு." ஈப்போவிலேயே பள்ளிக்கூடப் பெண்ணாக இருந்த ராசம்மா பூபாலன் தம் அக்காவோடு ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார் என்று பின்னாளில் படித்தபோது, எனக்கு அந்தத் தோடுதான் ஞாபகம் வந்தது.

தாத்தா ஒரே ஒரு முறைதான் காலராவைப் பற்றிச் சொன்னார். நீக்கியில், மழை விடாத அந்த மாதங்களில், பத்தாயிரம் பேர் ஓர் இரவில் போனார்கள் என்றார். மூச்சு இருந்தவர்களையும் சேர்த்துக் கொட்டகையோடு கொளுத்தினார்கள் என்றார். கரண்டி யாருடையது என்று கேட்டேன். "பாட்டுப் பாடிக்கிட்டு வந்தான்னு சொன்னேனே" என்றார். அன்றைக்கு நான் தைலத்தை அதிகமாக ஊற்றிவிட்டேன், கண் எரிகிறது என்று இருவருமே அதன்மேல் பழியைப் போட்டோம்.

நோட்டு திரும்பி வந்தது. மார்க்கு எதுவும் இல்லை. என் சிவப்புக் குறிகளின் கீழே பென்சிலால் மெல்லிசாக ஒரு வரி: 'இதைத் திருத்தியது யார்?' ஓய்வு நேரத்தில் ஆசிரியர் அறைக்கு வரச்சொல்லியிருந்தார். உள்ளே சாக்பீஸ் பொடி வாசனை, யாரோ பிரித்து வைத்த நாசி லெமாக்கின் வாழையிலை வாசனை. நான் நின்றேன். சிக்கு ஒரு தடிப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். கறுப்பு வெள்ளைப் படம். ஆற்றின் மேல், சிமெண்டுத் தூண்களில், வரிசையாக வளைந்த இரும்புச் சட்டங்கள்.

ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து பூட்டியது அது. பக்கத்தில் முதலில் ஒரு மரப்பாலமும் கட்டினார்கள். ஆனால் ஆட்களை ஏற்றிய ரயில் இரும்பின் மேலும் போனது. நான் டிவியில் பார்த்தது இலங்கையில், கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல் சினிமாவுக்காகக் கட்டிய பாலம். கதையை எழுதிய பியர் பூல், போருக்கு முன் நம் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர். அந்த ரயில்பாதையில் அவர் கைதியாக இருந்ததில்லை. பால்மரக் காட்டில் தமிழரோடு இருந்தவர் எழுதிய கதை, அதிலிருந்து எடுத்த படத்தில் நம் ஆட்கள் கண்ணில் படவே இல்லை என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது. அன்றைக்கு நான் நெஞ்சுக்குள் கேட்டுக்கொண்டதெல்லாம், மை யாருடையது என்பதுதான்.

கடிகாரம்? சியோனான் காலம் முழுக்க மலாயா தோக்கியோ மணிக்குத்தான் எழுந்தது, பழைய மணியைவிட ஒன்றரை மணி முன்னால். மூன்று வருஷம்? அதற்குச் சிக்கு என்னையே கேட்டார். பாதை முடிந்ததும் யார் விறகு வெட்டுவது, குண்டு விழுந்தால் யார் தண்டவாளம் போடுவது? பலரை விடவில்லை. போர் 1945 ஆகஸ்டில் முடிந்தபிறகும் வண்டிக்குக் காத்துக் கிடந்தவர்கள் உண்டு. "ரயில் எப்போது முடிந்தது என்று புத்தகத்திடம் கேட்டாய். எப்போது வீட்டுக்கு வந்தீர்கள் என்று தாத்தாவிடம் கேட்டாய். இரண்டும் ஒரே கேள்வியா?"

தாத்தா வென்றுவிட்டார் என்று எனக்கு ஒரே குஷி. சிக்கு அதையும் விடவில்லை. ஓர் இரவில் பத்தாயிரம் பேர் என்ற இடத்தில் பென்சில் வட்டம் போட்டிருந்தார். காய்ச்சலில் கிடந்தவர் இருட்டில் எப்படி எண்ணியிருப்பார்? அதற்குத்தான் பிறகு வந்து ஏடுகளைக் கூட்டிக் கழித்தவர்கள் வேண்டும். அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட வெள்ளைக்காரப் போர்க்கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இறந்தார்கள்; அவர்களுக்குப் பட்டியல் இருந்தது. ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் அளவில், இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் அளவில். அவர்களுக்குப் பட்டியல் இல்லை, அதனால்தான் இந்த 'அளவில்'. எந்தப் பள்ளிப் பாடத்தையும்விட அந்த ஒரு சொல் எனக்கு நன்றாகப் புரிந்தது.

பல வருஷம் கழித்து நான் காஞ்சனபுரிக்குப் போனேன். பாலத்தில் வளைந்த சட்டங்களுக்கு நடுவே கோணம் கோணமாக இரண்டு மட்டும் வேறு மாதிரி நிற்கும். நேசநாட்டு விமானங்களின் குண்டில் விழுந்ததற்குப் பதிலாகப் போருக்குப் பிறகு வைத்தவை. ஊருக்குள் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏழாயிரம் பேருக்குக் கொஞ்சம் குறைவாக, பேரும் வயதும் பொறித்த கற்கள், நடுநடுவே பூச்செடி, புல் அறுத்த வாசனை. என் பையில் அலுமினியக் கரண்டி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, திரும்ப ஜெலாப்பாங்குக்கே கொண்டுவந்துவிட்டேன்.

நோட்டு திரும்பி வந்த நாள் சாயங்காலத்தைத்தான் சொல்லவந்தேன். தைலப் புட்டியைத் திறக்கவிடாமல் தாத்தா நோட்டைக் கேட்டார். அவருக்கு மலாய் எழுத்துக்கூட்டவும் வராது. பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, சிவப்புப் பிழைக்குறிகளின் மேல் விரலை ஓட்டினார், ஒன்று, இரண்டு என்று. அவர் முகம் விழுந்ததைப் பார்த்தேன்.

"உங்க டீச்சரு எனக்கு எத்தன மார்க்கு போட்டுச்சு?"

என் தொண்டையில் என்னவோ அடைத்தது. "நூறு தாத்தா" என்றேன்.

"அப்ப இது என்னா?"

"அது... எனக்கு."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு கைலியைச் சுருட்டிக்கொண்டு காலைத் தூக்கி என் மடியில் போட்டார். அடுப்படியில் தாளிப்பு படபடவென்று வெடித்தது, அதற்கு மேல் பாட்டியின் குரல் வந்தது:

"அவருக்கு நூறுன்னா எனக்கு எத்தன?"